நாலு பேர் ஏறிய படகு

ஒரு கதைக்கு முடிவு தெரியவில்லை என்பதற்காக விமானம் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே சொல்ல வெட்கம். பாரிஸில் என் வீட்டுக்காரரிடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். புதுச்சேரியில் அண்ணனிடம், ரொம்ப நாளாயிற்று போய்ப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுக்காரர்தான் அனுப்பினார் என்றேன். விமானத்தில் பக்கத்து இருக்கைத் திருநெல்வேலிக்காரரிடம் வேளாங்கண்ணி வேண்டுதல் என்றேன். மூன்று பொய்யும் நன்றாகவே ஓடின. துப்பறியும் கதை எழுதுகிறவளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி?

என் பெயர் மரி. பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் பள்ளிக்கூடக் கேன்டீனில் பரிமாறுகிறேன். மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். சிறுவர்களுக்குத் துப்பறியும் கதை, அங்கே உள்ள தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஊர் நினைவுகள், எங்காவது போய் வந்தால் பயணக் கட்டுரை. துப்பறியும் கதையில் முடிவு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நினைவுகளை எழுதும்போது முடிவு தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். பயணக் கட்டுரைக்கு முடிவே கிடையாது, லீவு தீர்ந்தால் கட்டுரையும் தீர்ந்தது. இந்த முறை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.

துப்பறியும் கதைகளில் பாதிதான் என்னுடையது. மறு பாதி வசந்தாவுடையது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். அவள் ஆற்றங்கரை ஊரான நோணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், நான் கோயில் தெருவிலிருந்து நடந்து போவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த விளையாட்டு அது. அவள் முடிச்சு போடுவாள், நான் அவிழ்க்க வேண்டும். நகை காணாமல் போகும், ஆடு காணாமல் போகும், ஒரு தடவை பள்ளிக்கூட மணியே காணாமல் போனது. நான் ஒவ்வொரு விடையாகச் சொல்லிப் பார்ப்பேன். அவள் ஒரு சொல் உதவி செய்ய மாட்டாள். "ஒத்துக்கறேன்", "ஒத்துக்கல", இவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வரும். அவள் ஒத்துக்கொள்ளும் வரை எனக்குச் சோறு இறங்காது.

கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன பிறகும் இது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் ஃபோன் செய்வேன். முதலில் அவள் வீட்டுப் பக்கத்து பூத்துக்கு, பிறகு அவள் வீட்டுக்கே. ஒரு ஞாயிறு முடிச்சு, மறு ஞாயிறு விடை. அவள் ஒத்துக்கொண்டால் நான் எழுதி, சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு அனுப்புவேன். ஆசிரியர் இரண்டு பெயரையும் சேர்த்து 'மரிவசந்தன்' என்று போட்டுவிட்டார். பிள்ளைகள் "அன்புள்ள மாமா" என்று எழுதிப் போடுவார்கள். நீயே எழுதேன் என்று வசந்தாவிடம் நான் கெஞ்சாத வருஷம் இல்லை. "எழுதுனா கதை கருவாடாப் பூடும்டி. ருசி இருக்கும், உசிரு இருக்காது. கருவாடு போடறது உன் வேலை, மீன் புடிக்கறது என் வேலை" என்பாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட முடிச்சு இது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாலு பெண்கள் நோணாங்குப்பத்தில் படகு ஏறி, முகத்துவாரத்து மணல் திட்டுக்குப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. கரையில் கரண்ட் இல்லை. டீச்சர் கரையில் நின்று ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்று பேர் "இருக்கேன் டீச்சர்" என்கிறார்கள். நாலாவது பேருக்குப் பதில் இல்லை. படகுக்காரர் நாலு பேரையும்தான் கொண்டுவந்து இறக்கினேன் என்று சத்தியம் செய்கிறார். யாரும் நம்பவில்லை. படகுக்குள் நாலாவது பெண்ணின் டிபன் பாக்ஸ் கிடக்கிறது. திறக்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலும் வைத்தபடி நிரம்பி இருக்கிறது.

"அவ எங்கடி பூட்டா? கண்டுபுடி" என்றாள் வசந்தா. குரல் கரகரவென்று இருந்தது. சளியா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஃபோனை எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓயும். ஜூனில் அதுவும் போய், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

விடை வந்துவிடும் என்று நம்பி முதல் பாதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன், பத்திரிகையில் கதை பாதியில் நின்றது. ஆசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு பசங்க கேக்கறாங்கம்மா. இந்த மாசம் முடிவு வரலைன்னா தொடரை நிறுத்திடறேன்" என்றார். தொடர் நின்றால் போகட்டும். என் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுவிட்டன, அதுதான் தாங்கவில்லை. கேன்டீனுக்குக் கோடை விடுமுறை விட்ட மறு வாரம் கிளம்பிவிட்டேன்.

அரசாங்கம் இங்கிலீஷிலும் ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிய மறு வருஷம் அது. கடைப் பலகைகளில் சிலதில் பாண்டி, சிலதில் புதுவை, சிலதில் புதுச்சேரி என்று ஒரே தெருவில் மூன்று ஊர் இருந்தது. அண்ணன் அந்துவான் வீட்டு வாசலில் இறங்கும்போதே நண்டு மசாலா வாசனை. அண்ணி எனக்காகக் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் பரிமாறுகிற கேன்டீனில் கேரட்டைத் துருவி எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட மனசு வராமல் வைப்பார்கள். அதைத் தின்று தின்று மரத்துப்போன நாக்கு, அன்றைக்கு ஊருக்கு வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே அண்ணனிடம், "வசந்தா எப்படி இருக்கா?" என்றேன்.

"எந்த வசந்தா?"

"என்னா அண்ணா, ஊர்ல எத்தினி வசந்தா?"

"ஓ, அந்தப் பொண்ணா. இருக்கும், இருக்கும்" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அண்ணிக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிட்டது. என் கதையில் வரும் துப்பறியும் பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணைச் சுருக்கியிருப்பாள். நான் இரண்டாவது நண்டை எடுத்தேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வண்டிகளை நிறுத்தி, ஊரே வந்து உலாத்துகிற நேரம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். மதில் மேல் ஒரு பிரெஞ்சுத் தம்பதி வரைபடத்தை விரித்து வைத்துச் சண்டை போட்டார்கள். "நீ தலைகீழாகப் பிடித்திருக்கிறாய்" என்றாள் அவள். "ஊர்தான் தலைகீழாக இருக்கிறது" என்றான் அவன். நான் வழி சொன்னேன். "உங்கள் பிரெஞ்சு எவ்வளவு அழகு, எங்கே கற்றீர்கள்?" என்று அந்த அம்மாள் வியந்தாள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத்தான் என்று சொன்னால் பாவம், என்ன செய்வாள்? கடற்கரையில் என்றேன். அங்கே என்னை இந்த ஊர்க்காரி என்கிறார்கள், இங்கே பஸ் மாதிரி ஆள் ஏற்றுகிற டெம்போக்காரர் "மேடம் ஃபாரினா?" என்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக என் ஊர் என்று நான் வைத்திருந்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். அதுவும் வசந்தாவின் குரலாக இருந்தது.

நேரே நோணாங்குப்பம் போயிருக்கலாம். தைரியம் இல்லை. அவள் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காரணமும் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று, சங்க மலரில் அவளைப் பற்றி நான் எழுதிய நினைவுக் கட்டுரை. ஃபோனில் படித்துக் காட்டியபோது, "நான் என்னா செத்தா பூட்டேன், நெனவுல எழுதற?" என்று சிரித்தாள். சிரிப்புக்குள் முள் இருந்திருக்கலாம். இரண்டாவது காரணம்தான் என்னைத் தூங்க விடாதது. படகு ஏறிப் போய்த் திரும்பாத பெண் வேறு யார், நான்தானே? கூப்பிட்டால் பதில் சொல்லாதவள், கட்டிக் கொடுத்த சாப்பாட்டைத் திறக்காமல் போனவள். முடிச்சு என்ற பெயரில் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே மறுநாள் புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனேன். அவள் அங்கே ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கேட்டில் வைத்துப் பார்த்தால் திட்டுவதானாலும் சுருக்கமாகத் திட்டுவாள் என்று கணக்கு. டெம்போவில் நான், ஒரு கல்லூரிப் பெண், இரண்டு மூட்டை வெங்காயம், வெங்காயத்துக்குச் சொந்தக்காரர். பாதி வழியில் டயர் பஞ்சர். டிரைவர் இறங்கிப் பார்த்து, "வெங்காயம் எறங்குனா வண்டி எழும்பும்" என்றார். "வெங்காயம் எறங்கனும்னா நானும் எறங்கனும், காசு குடு" என்றார் சொந்தக்காரர். பாரிஸில் ரயில் நின்றால் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், ஒலிபெருக்கி மட்டும் மன்னிப்புக் கேட்கும். இங்கே மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் எனக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை எல்லாம் டெம்போவுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் தப்பான கம்பெனி கேட்டில் நின்று, நாய் துரத்தி, பிறகு சரியான கேட்டுக்கு வந்தேன். காற்றிலேயே சந்தன சோப்பு வாசனை. வாட்ச்மேன் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"வசந்தாம்மாவா? அவங்க வேலையை வுட்டு நின்னுட்டாங்களேம்மா."

"எப்போ?"

"வெயில் காலத்துல. எம்மாம் நாளா வேலை செஞ்சவங்க. போவும்போது ஒரு வார்த்த பேசல. கைய மட்டும் ஆட்டிட்டுப் போனாங்க. நாங்க என்னா தப்பு செஞ்சோம்னு தெரியல."

எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப ஆறுதல். என் மேல் மட்டும் இல்லை, எல்லார் மேலும் கோபம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போனோம். வாசலில் ஒரு பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், "சா வா, மதாம்?" என்று நலம் விசாரித்துத் தொப்பியைத் தொட்டார். மதியம் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியது. நான் வழக்கமாக ஃபோன் செய்கிற நேரம். பாரிஸில் அந்த நேரத்துக்கு நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன், வீட்டுக்காரர் டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். இங்கே அவள் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறாள், நான் அண்ணன் வீட்டு ஃபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் அடிப்பார் என்று உட்கார்ந்தேனோ. திடீரென்று மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். வீட்டுக்காரர்.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல, கஞ்சி குடிக்கிறார்" என்றேன். அண்ணன் பக்கத்து அறையில் பிரியாணி தின்ற களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். கூச்சப்படாமல், சத்தமாக. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை முறுக்கினாள். "நேரா வீட்டுக்குப் போய்ப் பாரு மரி. நான் சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கியிருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை கடலூர் பஸ். மரப்பாலத்தில் நெரிசல், கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறினார், பஸ் அப்போதும் அங்கேயே நின்றது. அரியாங்குப்பம் பாலம் தாண்டி நோணாங்குப்பத்தில் இறங்கினேன். வசந்தாவின் வீட்டுக்காரர் கோதண்டம், அங்கே படகுக் குழாமில் படகு ஓட்டுகிறவர், சைக்கிளை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. ஒரு நாளைக்கு வந்து நிப்பீங்கன்னு அது சொல்லிக்கினே இருந்திச்சு" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "சொல்லிக்கினேன்னா, அதாவது..."

வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. "மரி" என்று உதடு சொன்னது. சத்தம் வரவில்லை.

கோதண்டம்தான் சொன்னார். "தொண்டையில கட்டிம்மா. முதல்ல சோறு எறங்கல, அப்பறம் தண்ணி எறங்கல. பெரிய ஆஸ்பத்திரியில குரல்வளைய எடுத்துட்டாங்க. நல்லாத்தான் பாத்தாங்க, உசிரு பொழச்சிச்சு. பேச்சுதான் பூட்டுச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?" என்று அவரைக் கேட்டேன்.

"சொன்னா நீங்க அழுவீங்களாம். ஃபோன்ல நீங்க அழுதா அதால ஒரு வார்த்த சொல்லித் தேத்த முடியாதாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒங்க அண்ணன் வீட்டுல வந்து சத்தியம் வாங்கிட்டு வந்திச்சு. ஃபோனையும் எடுத்துடச் சொல்லிடுச்சு. மணி அடிச்சா அதால சும்மா ஒக்கார முடியல."

சோறு இறங்கவில்லை. தண்ணீர் இறங்கவில்லை. திறக்காத டிபன் பாக்ஸ், நிரம்பிய பாட்டில், கூப்பிட்டபோது வராத பதில். கரகரத்த குரலில் அத்தனை துப்பையும் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறாள். நான் அதில் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு உள்ள வியாதி இது. ஊரில் யார் தும்மினாலும் நாங்கள் போனதால்தான் தும்மினார்கள் என்று நினைத்துக்கொள்வது.

அழுதேன். அவள் சொன்ன மாதிரியே ஆயிற்று, அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பிறகு தள்ளிவிட்டு உள்ளே போய் இட்லியும் வாளை மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "நீ சாப்ட்டியா?" என்றேன். மோதிர விரலால் எவர்சில்வர் டம்ளரில் ஒரு தடவை தட்டினாள்.

"ஒண்ணு தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்ல. வீட்டுல இப்ப இதான் பாஷை" என்றார் கோதண்டம்.

"எழுதிக் காட்டேன்டி. கதைய எழுதிக் குடு, எப்படி வேணா எழுது."

இரண்டு தட்டு. உதட்டைக் குவித்து ஏதோ சொன்னாள். இரண்டாம் தடவை பார்த்தபோது புரிந்தது: கருவாடு.

மதியத்துக்கு மேல் கோதண்டம் எங்களைப் படகில் ஏற்றினார். கூட்டம் இல்லாத நாள். சுண்ணாம்பாற்றின் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. இரு பக்கமும் அலையாத்தி மரங்கள், அங்கங்கே நீர்க்காகம். இத்தனை வருஷம் எத்தனையோ குற்றங்களை இந்த ஆற்றில் நடத்தியிருக்கிறோம், நான் படகில் வந்தது பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு இப்போதுதான். மணல் திட்டு தெரிந்ததும் கேட்டேன்.

"அந்த நாலாவது பொண்ணு நீதானா?"

பலகையில் ஒரு தட்டு.

"நான்னு நெனச்சேன்டி."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லை. அந்த நாலாவது பெண் போய்விட்டாள், இனிமேல் வர மாட்டாள், அதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் உளறினேன். "நீ பேச முடியலன்னா என்னா? ஞாயித்துக்கிழமை நான் பேசறேன். அவரு செல்லுக்கு அடிக்கிறேன். நீ சும்மா கேட்டுக்கினு இருந்தாப் போதும்."

இரண்டு தட்டு.

"எனக்காகடி."

இரண்டு தட்டு. பலகை அதிர்ந்தது. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சும்மா கேட்டுக்கினு ஒக்காரறது அதுக்குப் புடிக்காதும்மா" என்றார் கோதண்டம் மெல்ல. "நாங்க நாலு பேர் பேசிக்கினு இருந்தா எழுந்து உள்ள பூடும். அது முடிச்சு போடற ஆளு."

மணலில் இறங்கி நடந்தோம். கடல் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கையை விடவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். சேர்ந்து காய் நறுக்கினோம், டெலிவிஷன் பார்த்தோம். கதை என்று நான் வாய் திறந்தால் எழுந்து போய்விடுவாள். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் என் நெற்றியைத் தடவிவிட்டு, கதவோரம் நின்று கையை மட்டும் ஆட்டினாள். வாட்ச்மேனுக்கு ஆட்டின அதே கை.

கிளம்புகிற அன்று அண்ணன் விமான நிலையம் வரை துணைக்கு வருவதாகச் சொல்லிச் சென்னை பஸ்ஸில் ஏறினார். கார் வேண்டாம் என்று நான்தான் அடம் பிடித்தேன். ஜன்னலோரம் கிடைத்தது. காலாப்பட்டு தாண்டியது, வலது பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வந்து வந்து போனது. முன் இருக்கையில் ஒரு அம்மாள் கொய்யாப்பழம் நறுக்கி, கேட்காமலே எனக்கும் ஒரு துண்டு மிளகாய்த்தூளோடு நீட்டினாள். ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். மாமா செத்துவிட்டார் என்று எழுதலாமா?

அண்ணனின் செல்ஃபோன் அடித்தது. "ஹலோ. ஹலோ. யாரு? பேசுங்க" என்றார். "யார்னு தெரியல, பேச மாட்றாங்க, வெறுமன டொக்கு டொக்குன்னு..." என்று நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனார். பிடுங்கினேன். கொய்யாப்பழம் அவர் மடியில் விழுந்தது.

"வசந்தா?"

ஒரு தட்டு.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. நல்லா இருக்கியா என்றேன், மாத்திரை சாப்பிட்டியா என்றேன். ஒன்றுக்கும் தட்டவில்லை. அவள் சும்மா கேட்டுக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. பிறகு ஏதோ ஒன்று என்னைச் சொல்ல வைத்தது.

"அந்தப் பொண்ணு மத்தவங்களப் பயமுறுத்தறதுக்கு மணல் திட்டுலயே ஒளிஞ்சிக்கினா."

இரண்டு தட்டு. டக், டக். ஒத்துக்கல.

அதே வேகம், அதே திமிர். பள்ளிக்கூடப் பெஞ்சில் என் விடையைத் தட்டிக் கழித்தவள் அப்படியே அந்தப் பக்கம் இருந்தாள்.

"வேற படகுல ஏறிப் பூட்டா."

இரண்டு தட்டு.

"படகுக்காரர் பொய் சொல்றார். மூணு பேரைத்தான் கொண்டாந்தார்."

இரண்டு தட்டு, படார் படார் என்று. அவள் வீட்டுக்காரரும் படகுக்காரர் அல்லவா, கோபம் வந்துவிட்டது. படகுக்காரர் பொய் சொல்லவில்லை. நாலு பேரைத்தான் கொண்டுவந்து இறக்கினார்.

மரக்காணத்து உப்பளம் வந்தது. வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தட்டுவது நின்றுவிடுமே. யாரோ கடத்திவிட்டார்கள் என்றேன். இரண்டு தட்டு. நீந்திப் போய்விட்டாள் என்றேன். இரண்டு தட்டு. மீன்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள், அக்கா வீட்டுக்குப் போனாள், தூங்கிவிட்டாள் என்று வாய்க்கு வந்த தப்பான விடையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் இல்லை என்றாள். முன் இருக்கை அம்மாள் நறுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "யாரும்மா காணாமப் போனது?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் என் காதருகே எட்டிப் பார்த்தார். "மரி, அதுல சார்ஜ் போவுது. கீச்சு கீச்சுன்னு கத்துது பாரு."

இனி வைத்துக்கொள்ள முடியாது.

"அவ எங்கயும் போவலடி" என்றேன். "படகுல நாலு பேரும்தான் வந்தாங்க. அவ கரையிலதான் நின்னா, மத்தவங்க பக்கத்துலயே. இருட்டுல டீச்சர் ஆள எண்ணல, குரல எண்ணிட்டாங்க. அவளுக்கு அன்னிக்குக் குரல் இல்ல. அவ்ளோதான். அவ காணாமப் போவவே இல்ல."

பஸ் இரைச்சல் மட்டும். கட்டாகிவிட்டதோ என்று காதை இன்னும் அழுத்தினேன்.

ஒரு தட்டு.

இந்த ஞாயித்துக்கிழமை அடிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். ஃபோன் அணைந்துவிட்டது.

"என்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்றார் அண்ணன்.

"ஒத்துக்கிட்டா" என்றேன்.